ஷாப் ஃப்ளோரில் ஒரு முதுகலைப் படிப்பு

ஓசூர் சிப்காட்டில் எந்த கம்பெனியின் எச்.ஆர். அறையில் போய் உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்துக்குள் ஒரு புலம்பல் காதில் விழும்: “ஆள் நிக்க மாட்டேங்குது சார்.”

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை கிடையாது என்பார் மேலாளர். பக்கத்து கம்பெனியில் ஐந்நூறு ரூபாய் கூடத் தருகிறார்கள் என்பார் சூப்பர்வைசர். ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டரோ, “ஊர்ல திருவிழா, போனவங்க வரல” என்று முடித்துக்கொள்வார். வேலையை விட்டுப் போன பெண்ணை ஊத்தங்கரைப் பக்கத்து ஊரில் தேடிப்பிடித்துக் கேட்டால் நான்காவதாக ஒரு பதில் கிடைக்கலாம். அதில் அந்த சூப்பர்வைசரின் பெயரே அடிபடலாம்.

இந்த நான்கில் எது உண்மை, எதில் எவ்வளவு உண்மை என்பதை ஊகத்துக்கு விடாமல் அளந்து பார்க்கக் கற்றுத்தரும் படிப்பு ஒன்று உண்டு. மனிதர்கள் வேலையிடத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆராய்வது நிறுவன உளவியல். கூட்டமாகச் சேரும்போது அவர்களின் எண்ணமும் நடத்தையும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது சமூக உளவியல். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இந்த இரண்டையும் இணைத்து ஒரே முதுகலைப் படிப்பாக நடத்தியது. இந்தியாவில் இவை பெரும்பாலும் எம்.ஏ., எம்.எஸ்சி. உளவியலுக்குள் தனித்தனித் தாள்களாகவோ சிறப்புப் பாடமாகவோ வருகின்றன. மனநோய்க்குச் சிகிச்சை தரும் படிப்பு அல்ல இது. இதில் நோயாளி என்று யாரும் கிடையாது. லைன், ஷிப்ட், ஹாஸ்டல், யூனியன், வாட்ஸ்அப் குழு ஆகியவைதான் பாடப்பொருள்.

அப்படிப் பார்த்தால், கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் போன்ற ஆய்வுக்களம் எளிதில் கிடைக்காது. ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 50 கிலோமீட்டர், அங்கிருந்து ஓசூர் இன்னொரு 50. மாவட்டத்தின் மேற்குக் கோடியில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று 1980-களிலேயே வேரூன்றிய ஆலைகள். கிழக்கே, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பேர்போன போச்சம்பள்ளியில் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை. அந்த ஆலையை முழுக்க முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பெண்களுக்கு வேலை என்று 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. ஓசூருக்கு அருகே ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையிலும் இளம்பெண்கள்தான் பெரும்படை. இந்திய ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்கின்றன மத்திய அரசின் தொழில் கணக்கெடுப்புகள்.

ஊத்தங்கரைக்கு வேறொரு முகமும் உண்டு. பொதுத்தேர்வு மதிப்பெண்களுக்குப் பேர்போன உறைவிடப் பள்ளிகள் உள்ள ஊர் இது. அங்கே கனவு என்றால் மருத்துவம், இல்லாவிட்டால் பொறியியல். ஒரே தாலுகாவில் ஒரு பிள்ளை விடுதியில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்க, இன்னொரு பிள்ளை கம்பெனி பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த பஸ்ஸில் போகிறவர்களைப் பற்றியே முதுகலை வரை படிக்கலாம் என்பதை இரண்டு வீட்டிலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற ஆய்வும் இளம்பெண்களை வைத்து, மின்கருவி ஆலை ஒன்றில் நடந்ததுதான். சிகாகோவை ஒட்டிய ஹாத்தார்ன் என்ற இடத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆலை இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று 1924-இல் அங்கே சோதிக்கத் தொடங்கினார்கள். கூட்டினார்கள், உற்பத்தி ஏறியது. குறைத்தார்கள், அப்போதும் பெரிதாக இறங்கவில்லை. குழம்பிப்போனவர்கள் 1927-இல் ஆறு பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்தார்கள். ஐந்து பேர் தொலைபேசிக்கான ரிலே என்ற சிறு கருவியைப் பூட்ட வேண்டும், ஆறாவது பெண் பாகங்களை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு ரிலேயில் ஏறத்தாழ 35 பாகங்கள். பூட்டி முடிக்க ஒரு நிமிடம். இடைவேளையைக் கூட்டியும் குறைத்தும், வேலை நேரத்தைச் சுருக்கியும் ஐந்து ஆண்டுகள் கணக்கெடுத்தார்கள்.

ஆய்வாளர் எல்டன் மேயோ போன்றவர்கள் இதிலிருந்து எடுத்துச் சொன்ன முடிவு உலகம் முழுக்கப் பரவியது. தங்களை ஒருவர் பொருட்படுத்திக் கவனிக்கிறார் என்ற உணர்வே வேலையைக் கூட்டுகிறது என்பதுதான் அது. மேலாண்மை வகுப்புகளில் பெரும்பாலும் பாடம் இத்துடன் முடிந்துவிடும்.

முதுகலை உளவியலில் பாடம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. அந்த அறையில் ஆரம்பத்தில் இருந்த இருவரை, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்று சொல்லி 1928 ஜனவரியில் வெளியே அனுப்பிவிட்டு வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். கூலி முறையும் மாறியிருந்தது. பெரிய துறைக்குப் பொதுவாக இருந்த ஊக்கத்தொகை இப்போது அந்தச் சின்னக் குழுவுக்கு மட்டும் கணக்கிடப்பட்டது. அப்படியென்றால் உற்பத்தி ஏறியது கவனிப்பாலா, காசாலா, பயத்தாலா? வெளிச்சச் சோதனையின் பழைய புள்ளிவிவரங்களைத் தேடியெடுத்துப் பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்ட்டும் 2011-இல் மறுபடி கணக்குப் போட்டபோது, பாடநூல்கள் சொல்லும் அளவுக்குப் பெரிய விளைவு எதுவும் தென்படவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு கதையைத் தரவோடு ஒட்டவைத்துப் பார்த்து, ஒட்டாத இடத்தைச் சுட்டிக்காட்டுவதே இந்தப் படிப்பின் முதல் பயிற்சி.

இதே வெளிச்ச விவகாரம் நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. பெங்களூரு வட்டார ஆயத்த ஆடை ஆலைகளில் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. பொருத்தியதை அச்யுத அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நைஷதம் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். புது விளக்கு குறைவாகச் சூடாகும். வெயில் ஏறிய நாட்களில் தையல் லைன்களின் உற்பத்தி சரியாமல் நின்றதற்கு, கூடம் ஓரளவு குளிர்ந்ததே காரணம் என்று கண்டார்கள். மின்கட்டணத்தை மிச்சம்பிடிக்கச் செய்த ஏற்பாடு, தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணின் உடம்புக்கும் உதவியது. உளவியல் படித்தவர்கள் எல்லாவற்றையும் மனசில்தான் தேடுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில். சில நேரம் விடை கூரையில் தொங்குகிறது.

அதே வட்டார ஆலைகளில் இன்னொரு ஆய்வு. சம்பள உயர்வு எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. அந்த ஏமாற்றம் ஆறுவதற்குள், தொழிலாளர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பெயர் குறிப்பிடாமல் கருத்துச் சொல்லவைத்தார்கள். வேலை எப்படி இருக்கிறது, சூப்பர்வைசர் எப்படி நடத்துகிறார், மனசுக்குத் திருப்தியா என்பவைதான் கேள்விகள். கேட்கப்படாதவர்களோடு ஒப்பிட்டால், கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டு நிற்பதும் லீவு போடுவதும் குறைந்தன. அதிகம் ஏமாந்தவர்களிடம்தான் வித்தியாசம் அதிகம். சம்பளம் ஒரு பைசா கூடவில்லை, வாயைத் திறக்க ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான்.

இதைப் படிக்கும்போது ஒரு நெருடலும் வர வேண்டும். சம்பளத்தைக் கூட்டாமலே ஆளை நிறுத்திவைக்க ஒரு உத்தி கிடைத்துவிட்டதாக நிர்வாகம் இதை எடுத்துக்கொள்ளலாம். குறைகேட்பு வெறும் கண்துடைப்பாகக் கூடாது, கேட்ட குறை தீர வேண்டும் என்று யூனியன் வாதிடலாம். ஒரே கண்டுபிடிப்பை இரு தரப்பும் இரு விதமாகக் கையிலெடுக்கலாம். இது யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வி இந்தத் துறையை ஹாத்தார்ன் காலம்தொட்டு விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறது.

இந்தியாவில் இதன் வரலாறு பலர் நினைப்பதைவிடப் பழையது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-இல் நாட்டின் முதல் உளவியல் துறையைத் தொடங்கிய என்.என். சென்குப்தா, ஹார்வர்டில் ஹூகோ முன்ஸ்டர்பெர்க்கிடம் படித்தவர். முன்ஸ்டர்பெர்க் தொழில் உளவியலின் முன்னோடிகளில் ஒருவர். ஓசூரை ஒட்டிய மாநில எல்லைக்கு அப்பால் மைசூரில் 1924-இல் உளவியல் துறை வந்தது. அதைத் தொடங்கியவர் எம்.வி. கோபாலசாமி.

ஆலைக்குள் நுழைந்து செய்த பெரிய ஆய்வு அகமதாபாத்தில் நடந்தது. காலிகோ மில்லில் தானியங்கித் தறிகளைப் போட்டும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. 1953-இல் லண்டன் டேவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்திலிருந்து ஏ.கே. ரைஸ் வந்து பார்த்தார். நெய்கிறவர் ஒருவர், நூல்கண்டு மாற்றுகிறவர் ஒருவர், எண்ணெய் விடுகிறவர் ஒருவர் என்று வேலை துண்டுதுண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒருவர் இத்தனை தறிகளுக்கு, இன்னொருவர் வேறு எண்ணிக்கையில் தறிகளுக்கு என்று கணக்கு இருந்ததால், யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார் என்பதே யாருக்கும் பிடிபடவில்லை. குறிப்பிட்ட சில தறிகளை ஒரு சிறு குழுவிடம் முழுசாக ஒப்படைத்துப் பார்க்கலாமே என்று ரைஸ் யோசனை சொன்னார். தொழிலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, யாரோடு யார் சேர்வது என்பதைத் தாங்களே சீக்கிரம் முடிவு செய்துவிட்டார்கள். ஆரம்பத் தடுமாற்றத்துக்குப் பிறகு உற்பத்தி கூடியது, துணிச் சேதம் குறைந்தது. 1970-இல் ஆய்வாளர் எரிக் மில்லர் அதே மில்லுக்கு மறுபடி போய்ப் பார்த்தபோது ஓரிடத்தில் குழுமுறை அப்படியே இருந்தது. மற்ற இடங்களில் கரைந்துபோயிருந்தது. ஒரு மாற்றம் வெற்றி என்று அறிவித்த பிறகும், பதினேழு வருடம் கழித்துப் போய் எட்டிப்பார்க்கும் பொறுமை ஆய்வுக்குத் தேவைப்படுகிறது.

ஓசூரிலும் பதிவான ஒரு பரிசோதனை உண்டு, யாரும் அதை உளவியல் என்று சொல்லிச் செய்யவில்லை என்றாலும். 1980-களின் நடுவில் டைட்டன் கைக்கடிகார ஆலை வந்தபோது, பள்ளிப் படிப்பை முடித்த சிறுநகரத்து, கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வேலைக்கு எடுத்தார்கள். வீட்டை விட்டு வெளியே வந்தறியாத பதின்ம வயதினர். அவர்களை வீடுகளில் தங்கவைத்து, வளர்ப்புப் பெற்றோர் போலப் பார்த்துக்கொள்ளப் பெரியவர்களையும் ஏற்பாடு செய்தார்கள். கம்பெனியில் கண்டிப்பு, தங்குமிடத்தில் அரவணைப்பு. பாட்னாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜெய் பி.பி. சின்ஹா 1980-இல் வெளியிட்ட நூலில் இப்படிப்பட்ட உறவைத்தான் விவரித்தார். இந்தியப் பணியாளர், வேலையில் கறாராகவும் ஆள்மீது அக்கறையாகவும் இருக்கும் தலைவரிடம் நன்றாக வேலை செய்கிறார் என்பது அவர் வாதம். ஆனால் அந்த அக்கறை நிரந்தரமாகத் தகப்பன் ஸ்தானத்திலேயே நின்றுவிடக் கூடாது, ஆள் வளர வளர விலகி வழிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார். சூப்பர்வைசரை “அண்ணா” என்று கூப்பிடும் லைன்களில் இந்த இரண்டாம் பாதியைத்தான் முதலில் படிக்க வேண்டியிருக்கிறது.

சமூக உளவியல் எங்கே வருகிறது? ஆலைக்கு வெளியே, முக்கியமாக ஹாஸ்டலில். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. போனில் தகவல் பறந்தது. பெண்கள் இரவிலேயே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் தாண்டிப் போகிற அதே சாலையில். இறப்புச் செய்தி பொய். ஆனால் போராட்டத்துக்குக் காரணமான குறைகள் பொய்யல்ல. தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

வதந்தி கிளப்பியவன் யார் என்று போலீஸ் தேடும். வதந்தி ஏன் நம்பப்பட்டது என்று சமூக உளவியல் தேடும். இதற்கும் ஒரு இந்திய முன்னோடி இருக்கிறார். 1934 ஜனவரி 15 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் சேகரித்து ஆராய்ந்தார். அதிர்வை உணர்ந்தும் சேதம் எதுவும் இல்லாத பகுதிகளில், இதைவிடப் பெரிய பேரழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் ஓடியிருந்தன. பயந்துபோனவர்களுக்கு மேலும் பயமுறுத்தும் செய்தி ஏன் பிடிக்கிறது என்ற புதிர், அமெரிக்காவில் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரைப் பிடித்துக்கொண்டது. மனசில் ஏற்கெனவே இருக்கும் பயத்துக்கு அந்த வதந்தி ஒரு நியாயம் கற்பிக்கிறது என்று அவர் விளக்கினார். ஒன்றோடொன்று முரண்படும் எண்ணங்களை மனசு எப்படியாவது ஒத்துப்போக வைக்கப் பார்க்கும் என்று 1957-இல் அவர் வெளியிட்ட அறிதல் முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு இதுவும் ஒரு தூண்டுகோல். விடுதிப் பெண்களின் விஷயத்தில் இதைப் பொருத்திப் பார்த்தால், நிர்வாகம் வாய் திறக்காத ஒவ்வொரு மணி நேரமும் வதந்திக்குத் தீனி என்பது விளங்கும்.

அதேபோல் இன்னொரு பாடம். பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களை, எந்த ஓவியரின் படம் பிடிக்கிறது என்பதைப் போன்ற அற்பக் காரணத்தைச் சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார் சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல். யார் தன் குழு, யார் எதிர்க் குழு என்று முகம்கூடத் தெரியாது. இருந்தும் காசைப் பங்கிடச் சொன்னபோது பையன்கள் தங்கள் குழுவுக்கே சாய்ந்தார்கள். ஓவியமே இந்தப் பாடு படுத்தினால், பர்மனென்ட், கான்ட்ராக்ட், ட்ரெயினி என்று அடையாள அட்டையே வேறுபடும் இடத்தில், தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரும் இடத்தில் என்ன நடக்கும்? இதை ஓசூரில் அளந்து பார்க்க எந்த ஓவியரும் தேவையில்லை.

இனி, ஒரு மாணவி “ஆள் நிக்க மாட்டேங்குது” என்பதையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்தப் புலம்பலை எண்ணாக மாற்ற வேண்டும். சேர்ந்த 90 நாளுக்குள் வேலையை விட்டவர்கள் எத்தனை பேர், எந்த லைனில், எந்த சூப்பர்வைசரிடம், எவ்வளவு தூரத்து ஊரிலிருந்து வந்தவர்கள்? வருகைப் பதிவேட்டிலிருந்தே இதில் பாதி வந்துவிடும். அடுத்தது கேள்வித்தாள். ‘முழுக்க ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘முழுக்க மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம். முதல் நாள் திரும்பி வரும் தாள்களில் முக்கால்வாசி நடுக்கட்டத்திலேயே டிக் விழுந்திருக்கும், அல்லது எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டிருக்கும். தாள் சூப்பர்வைசர் கைக்குப் போகும் என்ற பயம். “நீ, நீ, அப்புறம் நீ, மேடம்கூடப் போங்க” என்று அவரே ஆள் பொறுக்கி அனுப்பியிருந்தால் அதற்குச் சம்மதம் என்று பெயர் வைக்க முடியாது. நேர்காணலை கம்பெனிக்கு வெளியே வைக்க வேண்டும், பெயரை எழுதக் கூடாது, மறுத்தால் வேலைக்குப் பாதிப்பு வராது என்று உறுதி தர வேண்டும். அந்த உறுதியைக் காப்பாற்றவும் வேண்டும். ஆய்வு நெறி என்ற தாளில் இதெல்லாம் பாடமாகவே உண்டு.

கடைசியில் விடை மிகச் சாதாரணமாக இருக்கலாம். ‘ஏசி ரூம்ல உக்காந்த வேலை’ என்று ஊரில் சொல்லி அழைத்து வந்து, எட்டு மணி நேரம் நிற்கும் வேலையில் விட்டிருக்கலாம். வேலையின் நல்லது கெட்டதை முன்கூட்டியே மறைக்காமல் சொன்னால் ஆட்கள் நிலைத்து நிற்பார்களா என்று ஆய்வாளர் ஜான் வானஸ் 1973-லேயே தொலைபேசி ஆபரேட்டர்களிடம் சோதித்தார். அதன்பின் வந்த பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்ததில் பலன் உண்டு, ஆனால் சிறியது என்று தெரிந்தது. “உண்மையைச் சொல்லிக் கூப்பிடுங்கள், கொஞ்சம் உதவும், எல்லாம் தீராது” என்று மேலாளரிடம் எழுத்தில் கொடுக்க நெஞ்சுரம் வேண்டும்.

படிக்க விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். இந்தியாவில் முதுகலைக்கு இரண்டு ஆண்டு. இளங்கலையில் உளவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை, சில இடங்களில் மற்ற பட்டதாரிகளையும் சேர்க்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது, அங்கே உளவியல் துறை உண்டு. கோவை பாரதியாரிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி மனிதவளப் பக்கமாகப் போகிறவர்களுக்கு ஏற்றது. பெங்களூரு கல்லூரிகள் ஓசூர்க்காரர்களுக்குத் தினமும் போய்வரும் தூரம்தான், கட்டணம் மட்டும் வேறு கணக்கு.

அஞ்சல் வழியில் படிக்கலாம் என்று திட்டமிட்டவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இக்னோவின் முதுகலை உளவியலில் தொழில், நிறுவன உளவியலைச் சிறப்புப் பாடமாக எடுக்க வழி இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள் பலர். 2025 ஜூலை - ஆகஸ்ட் கல்விப் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூர, ஆன்லைன் முறைகளில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டுவிட்டது. அதனால், அஞ்சலில் எம்.எஸ்சி. உளவியல் என்று யாராவது புதிதாகச் சேர்க்கை நடத்தினால், பணம் கட்டும் முன் அங்கீகாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வேலை என்று பார்த்தால் ஆள் தேர்வு, பயிற்சி, பணியாளர் கருத்தாய்வு, பாதுகாப்புப் பழக்கங்கள், ஆலோசனை நிறுவனங்கள், ஆராய்ச்சி எனப் பல வாசல்கள் உண்டு. ஆனால் ‘நிறுவன உளவியலாளர்’ என்ற பெயரில் விளம்பரம் வருவது அபூர்வம். எச்.ஆர். என்ற பலகையின் கீழ்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் உரிமையை இந்தப் பட்டம் தராது. மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு தேவை, அது தனிப் பாதை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. புள்ளியியலை மனப்பாடமாக நடத்துகிறார்களா, கணினியில் உட்காரவைத்துத் தரவோடு நடத்துகிறார்களா? ஆய்வேட்டுக்கு ஆலைக்குள் போகக் கல்லூரி அனுமதி வாங்கித் தருமா, அல்லது நண்பர்களுக்கே கூகுள் படிவம் அனுப்பி முடித்துக்கொள்ளச் சொல்வார்களா? நெறிமுறைக் குழு என்று ஒன்று உண்மையிலேயே கூடுகிறதா? முந்தைய இரண்டு வருட ஆய்வேடுகளை நூலகத்தில் எடுத்துப் புரட்டினால் மூன்றுக்கும் பதில் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.